ஈரக் கார்பெட்டும் மாரி பிஸ்கட் சக்கரமும்

‘பானட்டைத் திற’ – வாசகர் கேள்வி பதில்

டர்பனில் பத்து நாளாக விடாத மழை. பட்டறையில் நிற்கிற ஏழு வண்டிகளில் ஐந்து, தண்ணீர் சம்பந்தப்பட்ட வியாதியோடு வந்தவை. கடிதங்களும் அப்படித்தான். ஒருவருக்குக் காலடியில் ஈரம், இன்னொருவருக்கு வெள்ளத்தில் குளித்த வண்டியோ என்று சந்தேகம். எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்ல என்னால் ஆகாது. சிலதை ஒரு வரியில் முடித்துவிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, ஃபேஸ்புக்கில் ஒரு ஃபார்ச்சூனர் பார்த்தேன். 2021 மாடல், 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டீலர்கள் சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தருகிறார். பேப்பரில் ‘கோடு 2’ என்றுதான் இருக்கிறது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வாங்கலாமா?
– வெருலம் வாசகர்

தம்பி, தன் வண்டி மேல் கோபம் வந்து யாரும் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதில்லை. காரணம் ஏதோ இருக்கிறது. அதை அவர் சொல்லாவிட்டால் வண்டியிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் கோடு, அதாவது வண்டியின் பதிவுக் குறியீடு. 1 என்றால் புதுசு, 2 என்றால் ஒருவர் கை மாறிய வண்டி, 3 என்றால் அடிபட்டு மறுபடி கட்டியது, 3ஏ என்றால் உதிரி பாகத்துக்கு மட்டும், 4 என்றால் நசுக்க வேண்டியது. நம் ஆட்கள் ‘கோடு 2’ என்று பார்த்ததும் ‘ஆக்சிடென்ட் இல்லை’ என்று படித்துக்கொள்கிறார்கள். அதற்கு ‘பழைய வண்டி’ என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது. காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுத்துக் கழித்துவிட்ட வண்டிகூட கோடு மாறாமல் ஏலத்துக்குப் போய், பெயின்ட் பூசிக்கொண்டு சந்தைக்குத் திரும்பிவிடும். காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் இதற்கென்று ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது. வண்டியின் வின் எண்ணை (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) அதில் போட்டுப் பாருங்கள். ஆனால் காப்பீடே எடுக்காமல் மூழ்கிய வண்டி எந்தப் பட்டியலிலும் வராது.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் டர்பனின் ப்ராஸ்பெக்டன் பகுதியில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கிப்போனது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. அங்கே நனைந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புது வண்டிகளை விற்காமல் அழித்துவிட்டார்கள். தொழிற்சாலை அப்படிச் செய்யலாம். இசிபிங்கோவில் வீட்டு வாசலில் மூழ்கிய வண்டிக்காரர் அப்படிச் செய்வாரா? துடைத்து, காயவைத்து, விற்கத்தான் பார்ப்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடக் கடைசியில் ஓர் ஏலத்தில் நானே ஒரு கொரோலாவை எடுத்தேன். இருபத்தைந்து வருடம் ஸ்பானர் பிடித்த கை. எஞ்சின் சத்தம் கேட்டேன், அடியில் படுத்துப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். மூன்றாவது மாதம் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடியது. அப்புறம் ஏர்பேக் விளக்கு. சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை உரித்தேன். அடியில் விரல் மொத்தத்துக்கு வண்டல். அந்த வண்டலுக்குள் ஒரு கரும்புத் தோகை, யாரோ மடித்துவைத்த மாதிரி. சுற்றிலும் கரும்புத் தோட்டம் உள்ள ஊரில் தண்ணீர் வேறு எதைக் கொண்டுவரும்? மின்சார வயர்களின் சாக்கெட் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த வண்டியை நான் உதிரியாகத்தான் விற்றேன். மனைவிக்கு இன்றுவரை முழு நஷ்டக் கணக்கு தெரியாது. இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

அன்று நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுத்தம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கிற கடைசி இரண்டடி பெல்ட்டை மறந்துவிடுவார்கள். அதில் டிகாஷன் கறை மாதிரி ஒரு கோடு இருந்தால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. சீட்டைத் தரையோடு பிடிக்கிற போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் பனி, ஸ்டெப்னி வைக்கிற குழியில் மண், எல்லாம் பாருங்கள். ஐந்து நிமிடம் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி இல்லாமல் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவத்தை அளவுக்கு மேல் தெளித்திருந்தால் அதுவே ஒரு தடயம்.

இனி ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’. ‘இருக்கிறபடி எடுத்துக்கொள்’ என்று அர்த்தம். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் ரிப்பேர், மாற்று, அல்லது பணம் திரும்ப என்று கேட்கலாம். குறையைக் குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் அந்தக் குறைக்கு அது பொருந்தாது. வண்டி வியாபாரம் தொழிலாக இல்லாத தனி மனிதரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. குறை தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் ஃபூட்ஸ்டூட்ஸ் அவரைக் காப்பாற்றாதுதான். ஆனால் நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில். வக்கீலுக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு வண்டி வாங்கிவிடலாம்.

ரோட்வர்தி சான்றிதழை (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சான்று) காட்டி, ‘டெஸ்ட் பாஸ்’ என்பார். பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் சரியாக இருக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனை. கார்பெட்டை உரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

‘என் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள்’ என்று கேளுங்கள். சரி என்றால் மேலே பேசலாம். மறுத்தால் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

சார், என் ஐ10 சென்னையில் செய்தது என்கிறார்கள். மச்சான் அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறான். புதுப்பேட்டையில் க்ளட்ச் செட், பிரேக் பேட், ஹெட்லைட், பின் ஷாக் அப்சார்பர் எல்லாம் வாங்கிவரச் சொல்லட்டுமா? இங்கே விலை தலைசுற்றுகிறது.
– மிட்ராண்ட் வாசகர்

புதுப்பேட்டை என்ற பெயரைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. நான் தொழில் பழகியதே அங்கேதான். கூவம் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து வரும்.

உங்கள் வண்டி இருங்காட்டுக்கோட்டையில் பிறந்ததுதான். இங்கே ரோபோவில் (ஊரில் சிக்னல் என்போமே, அதற்கு இங்கே ரோபோ) நிற்கும்போது சுற்றிப் பாருங்கள். ரெனோ க்விட், நிசான் மேக்னைட் எல்லாம் சென்னைப் பக்கத்து ஒரகடத்தில் செய்தவை. டொயோட்டா ஸ்டார்லெட் என்பது மாருதி பலேனோதான், குஜராத் பிள்ளை. ஆகவே உங்கள் யோசனை அசட்டு யோசனை இல்லை.

ஆனால் பிறந்த ஊர் ஒன்று என்பதால் பாகமும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலில் இங்கே 1.0 லிட்டரும் ஓடுகிறது, 1.25 லிட்டரும் ஓடுகிறது. க்ளட்ச் தட்டு வேறு. மச்சான் ‘ஐ10 க்ளட்ச்’ என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கட்டிக்கொடுப்பார். பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்க விமானம் ஏறுவீர்களா? உங்கள் வின் எண்ணை வைத்துப் பாக எண்ணை எடுத்து, அந்த எண்ணை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள்.

பிரேக் பேட் கொண்டுவரலாம். சிறியது, கெடாது, எண் சரியாக இருந்தால் பொருந்திவிடும். ஆனால் கம்பெனியின் சொந்தக் கடையில் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். டூப்ளிகேட் டப்பாவை அச்சு அசலாக அடிப்பதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது, நானே பார்த்திருக்கிறேன். ஹெட்லைட் வேண்டாம், பெட்டியில் அதன் காது உடைந்துதான் வந்து சேரும். கேஸ் அடைத்த ஷாக்கை விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம். க்ளட்ச்சை இங்கேயே வாங்குங்கள். மாட்டுகிறவரே பாகத்தையும் கொடுத்தால், கோளாறு வந்தால் இரண்டுக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் கொண்டுபோன பாகம் என்றால், ‘பாகம்தான் சரியில்லை’ என்று அவர் கையை விரிப்பார். நானும் விரிப்பேன்.

சுங்கத்தில் ஒருவருக்கு 5,000 ரேண்ட் வரை சலுகை. மச்சான் அதற்குள் உங்கள் அக்காவின் புடவைகளையும் அடக்க வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் காலடியில் கார்பெட் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கொட்டுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் விடுமுறையில் இருக்கும்போதும் ஈரம். பட்டறையில் ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.
– ஃபீனிக்ஸ் ஆசிரியை

பிள்ளைகளிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், டீச்சர்.

ரேடியேட்டர் இருப்பது வண்டியின் மூக்கில். அது ஒழுகினால் தரைதான் நனையும், உங்கள் காலடி எப்படி நனையும்? ஒரு வெள்ளைக் காகித நாப்கினை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். வெறும் தண்ணீராக, நிறமில்லாமல், வாசனையில்லாமல் இருந்தால் அது ஏசி தண்ணீர். டர்பன் காற்றில் இருக்கிற ஈரத்தை ஏசி பிழிந்து, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் கீழே விடும். வெயில் நாளில் ஏசி போட்டு நிறுத்தின வண்டிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஒரு குட்டை தேங்க வேண்டும். உங்கள் வண்டிக்குக் கீழே தேங்குகிறதா? இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. தூசி, இலைத் துகள், சில நேரம் குளவி. போன வாரம் ஒரு வண்டியில் குழாய் வாயில் குளவி மண் வைத்து, சிமெண்ட் பூசின மாதிரி அழகாக மூடியிருந்தது. காற்றைக் கீழிருந்து மேலே அடித்தேன். ஒரு டம்ளருக்கும் மேலான தண்ணீர் என் சட்டைக் கைக்குள் இறங்கியது. கால் மணி நேர வேலை.

மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரம் என்றால் வேறு கதை. வைப்பருக்குக் கீழே, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு அது இலையால் அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே வழியும். இலையை அள்ளிப் போட்டால் போதும்.

நாப்கின் பிசுபிசுத்து, இனிப்பு வாசனை அடித்து, பச்சையோ சிவப்போ நிறம் ஒட்டியிருந்தால்தான் கவலை. கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி ஆவியும் படியும். அது ஹீட்டர் ஒழுகல், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய பெரிய வேலை. அப்போதும் ரேடியேட்டரை மாற்றினால் தீராது.

எதுவானாலும் கார்பெட்டைத் தூக்கி இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். மேலே காய்ந்தாலும் அடியில் இருக்கிற பஞ்சு காயாது, அங்கேதான் துரு பிடிக்கும்.

நமஸ்காரம். கோயில் வேலை விசாவில் வந்து எட்டு மாதமாகிறது. ஒரு பக்தர் தன் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ விவோவைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். என் பெயருக்கு மாற்றப் போனால், இந்த நாட்டு அடையாள எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு குருக்கள்

சுவாமிக்கு நமஸ்காரம். வெளிநாட்டவருக்கு ‘டிராஃபிக் ரிஜிஸ்டர் எண்’ என்று ஒன்று தருவார்கள். வண்டியைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் அடையாள எண். லைசென்சிங் அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா, போட்டோ, முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். முகவரிச் சான்றில்தான் நம் குருக்கள்மார்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கோயில் குடியிருப்பில் இருப்பதால் கரண்ட் பில் அவர்கள் பெயரில் வராது. கோயில் கமிட்டியின் கடிதம், கோயில் பெயரில் வந்த முனிசிபல் பில், அதோடு போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அஃபிடவிட், மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

வரிசை முக்கியம். ரோட்வர்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். அதை முதலில் வாங்கிவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்தால் சான்றிதழ் காலாவதியாகி, மறுபடி கட்டணம். எண் கையில் வந்த பிறகு டெஸ்டுக்குப் போங்கள். கை மாறிய 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, அதனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பக்தரையும் வண்டியை விற்றுவிட்டதாக அறிவிக்கிற படிவத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேகமாகப் போனதற்கு அவர் வீட்டுக்கு அபராதச் சீட்டு போகும். காப்பீட்டையும் உங்கள் பெயரில் எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

புது வண்டி, விலை 2,50,000 ரேண்ட். ‘பலூன்’ போட்டால் மாதத் தவணை குறையும் என்கிறார் விற்பனையாளர். என் கணவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– லெனேசியா வாசகி

கணக்கைப் போட்டுவிடுவோம், உங்கள் வீட்டுச் சண்டையில் நான் தலையிட்டதாக இருக்கக் கூடாது. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், 72 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூன் இல்லாமல் மாதம் சுமார் 4,890 ரேண்ட். 30 சதவீத பலூன், அதாவது 75,000 ரேண்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தால், மாதம் சுமார் 4,170. மாதம் 720 ரேண்ட் குறைகிறது, உண்மைதான்.

ஆறு வருடம் கட்டி முடித்த அன்று, ‘அந்த 75,000 எங்கே?’ என்று பாங்க் கேட்கும். மொத்தமாகக் கூட்டினால் பலூன் போட்டவர் 23,000 ரேண்டுக்கு மேல் அதிகமாகக் கட்டியிருப்பார். 75,000 கையில் இல்லாதவர் அதற்கு மறுபடி கடன் எடுப்பார். ஆறு வயது வண்டிக்குப் புதுக் கடன். வாரண்டி முடிந்திருக்கும், டயரும் ஷாக்கும் மாற்ற வேண்டிய வயது. இப்படி மாட்டிக்கொண்டு, சர்வீஸுக்குக் காசில்லாமல் எண்ணெய் மாற்றாமலே ஓட்டி எஞ்சினைப் பிடிக்கவைத்த இரண்டு பேரை நான் அறிவேன்.

720 ரேண்ட்தான் இடிக்கிறது என்றால், கொஞ்சம் விலை குறைந்த வண்டி எடுங்கள். கணவர் சரி.

கடன் வண்டிக்கு முழுக் காப்பீட்டை பாங்க் கட்டாயமாகக் கேட்கும், அதையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள். ‘பெட்ரோல் விலையிலேயே ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்கு (அரசின் விபத்து நஷ்டஈட்டு நிதி) கட்டுகிறோமே’ என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஃபண்ட் மனிதருக்கு அடிபட்டால் மட்டும். உடைந்த பம்பருக்கு ஒரு சென்ட்கூட வராது.

புது வண்டியில் ஸ்டெப்னி ஒல்லியாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– டோங்காட் வாசகர்

இல்லை. அதற்கு இங்கே ‘மாரி பிஸ்கட்’ என்று பெயர். பக்கத்துக் கடை வரை போக மட்டும். மேலேயே எழுதியிருக்கும் வேகத்தை, பெரும்பாலும் 80 கிலோமீட்டர், தாண்டாதீர்கள். டோங்காட்டிலிருந்து அதை மாட்டிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போய்வந்த ஒருவர் என் வாடிக்கையாளர். பிஸ்கட் டீயில் நனைந்த மாதிரிதான் திரும்பி வந்தது.

வாரண்டி உள்ள வண்டி. வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் மிரட்டுகிறார்கள். உங்களைப் போன்றவர்களிடம் வரலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

இதில் எனக்கு லாபம் இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. வெளிப்பட்டறையில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. ஆனால் என் போன்றவன் தப்பான எண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கெடுத்தால், அந்த எஞ்சினுக்கு ஷோரூம் பொறுப்பேற்காது. அது நியாயம்தான். ஆகவே எந்த எண்ணெய், எந்த ஃபில்டர், எத்தனை கிலோமீட்டரில் என்று விவரமான பில் வாங்கி, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை போடவைத்து, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. வண்டி விலையோடு சர்வீஸ் பிளான் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அது முடிகிறவரை அங்கேயே செய்யுங்கள். காசு கொடுத்துவிட்டீர்கள், பிறகு என்னிடம் எதற்கு மறுபடி கொடுக்கிறீர்கள்?

ஜோகன்னஸ்பர்க்கில் 93 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன். காவடிக்கு டர்பன் வரும்போது 95 போட வேண்டுமா?
– மறுபடியும் மிட்ராண்ட், வேறு வாசகர்

மேலே நீங்கள் இருப்பது கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல். காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அதனால் டர்போ இல்லாத சாதாரண எஞ்சினுக்கு 93 போதும். வான் ரீனன்ஸ் கணவாய் இறங்கிக் கீழே வரவரக் காற்று அடர்த்தியாகும். மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டலாம். டேங்க் பாதியாகும்போது 95 ஊற்றிக்கொள்ளுங்கள், கலந்தால் ஒன்றும் ஆகாது. டர்போ வண்டி என்றால் மலை, கடல் என்ற பேச்சே இல்லை, மூடியில் எழுதியிருப்பதைப் போடுங்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும், கிளம்புகிற நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவடி மைதானத்தில் இன்னொரு எச்சரிக்கை. ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே நடக்காதீர்கள். சிக்னலைத் தடுக்கிற கருவியோடு திருடன் பக்கத்தில் நிற்பான். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

புது வண்டிக்குப் பூஜை போட்டபோது பானட் மேல் சூடத் தட்டை வைத்துவிட்டார்கள். வட்டமாகக் கறை. பாலிஷ் போட்டால் போகுமா?
– அம்ஷ்லங்கா வாசகர்

நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் மேல் பூச்சில் மட்டும்தான், பாலிஷில் போகலாம். சொரசொரப்பாக இருந்தால் வெந்துவிட்டது, பேனல்பீட்டரிடம் (டிங்கரிங், பெயின்ட் பட்டறை) போக வேண்டியதுதான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் தாராளமாக வையுங்கள், டயருக்கு அது ஒன்றும் செய்யாது. சூடத்தைத் தரையில் காட்டினாலும் சாமி பார்ப்பார்.

ஐயா, என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய 1988 டொயோட்டா க்ரெஸ்ஸிடா வீட்டு கராஜில் நிற்கிறது. அவர் இருந்தவரை ஞாயிறுதோறும் துடைப்பார். வாரத்துக்கு ஒருவர் வந்து விலை கேட்கிறார், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை. பேரன் பேட்டரி வாங்கிப் போட்டு ஸ்டார்ட் பண்ணி ஓட்டுகிறேன் என்கிறான். என்ன செய்வது?
– சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா (அம்மா சொல்லச் சொல்ல, தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பேத்தி எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.)

அம்மா, வாசலில் வந்து விலை கேட்கிறவர்கள் யாருக்கும் இன்றைக்குப் பதில் சொல்லாதீர்கள். வண்டி இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கும். சட்டப்படி இப்போது அதை விற்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. ஐயாவின் சொத்தை உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் பதிவு செய்தீர்களா? மொத்தச் சொத்து 2,50,000 ரேண்டுக்குள் என்றால் எளிதான வழி, ‘அதிகாரக் கடிதம்’ ஒன்று தருவார்கள். அதற்கு மேல் என்றால் எக்ஸிகியூட்டர் (சொத்தை நிர்வகித்துப் பிரித்துக்கொடுப்பவர்) நியமனம். அந்தக் கடிதம் இருந்தால்தான் உங்கள் பெயருக்கோ பேரன் பெயருக்கோ மாற்ற முடியும். நிற்கிற வண்டிக்கும் லைசென்ஸ் டிஸ்க் (வருடா வருடம் புதுப்பிக்கிற வண்டி உரிமச் சீட்டு) பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதையும் விசாரியுங்கள்.

பேரனின் ஆசை எனக்குப் புரிகிறது. நம் சனங்களுக்கும் க்ரெஸ்ஸிடாவுக்கும் உள்ள சொந்தம் வேறு. கல்யாணத்துக்குப் பூ கட்டியது, பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது என்று சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் தூங்கின எஞ்சினை எடுத்த எடுப்பில் சாவி போட்டு எழுப்பக் கூடாது. பெட்ரோல் கெட்டு கார்புரேட்டருக்குள் வார்னிஷ் மாதிரி பிடித்திருக்கும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும். அந்த நிலையில் சுற்றினால், நன்றாக இருக்கிற எஞ்சினில் நாமே கீறல் போட்ட மாதிரி ஆகும். பழைய பெட்ரோலை வடித்து, ப்ளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, முன்னால் இருக்கிற பெரிய போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கை தடையில்லாமல் போனால் அப்புறம் பேட்டரி. ஓடினாலும் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. பிரேக் சிலிண்டர்கள் பிடித்திருக்கும், டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும்.

விலையைப் பற்றி இப்போது ஒரு எண் சொன்னால் அது பொய். கடலோர ப்ளஃப் பக்கத்திலிருந்து உப்புக்காற்று வருகிற ஊர் நம்முடையது. முன் கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் பின் சக்கர வளைவுக்குள்ளும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிறுதோறும் துடைத்தவர் என்கிறீர்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே வருகிறேன், இதற்குக் காசு வேண்டாம். பத்திரிகை அலுவலகத்துக்கு முகவரியை மட்டும் தெரியப்படுத்துங்கள். பேரனுக்கு எண்ணெய் விடுகிற வேலையைக் கொடுப்போம். அதுவரை சாவி அவன் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.